வேலை வாங்குவோர் பொறுப்பு



 அனுமதியின்றி எல்லை கடந்து வந்தவர்களை வேலைக்கு அமர்த்துவோருக்குச் சட்டத்தின் முன் உள்ள பொறுப்பு எத்தகையது, அப்பொறுப்பினின்றும் வழுவியவருக்குத் தகும் தண்டனை யாது என்பதே குன்னூரில் கூடியுள்ள இக்கருத்தரங்கின்முன் வைக்கப்பட்டுள்ள விஷயம். இதைப்பற்றி என் அபிப்பிராயத்தை மறைத்து வைத்துக்கொண்டு நடுநிலை பேச நான் விரும்பவில்லை. எல்லை கடந்தது தொழிலாளிக்கும் அரசாங்கத்துக்கும் உள்ள வழக்கு. வேலை வாங்கியது முதலாளிக்கும் தொழிலாளிக்கும் உள்ள கடன். முன்னதைக் காட்டிப் பின்னதைத் தள்ளிவிட எவருக்கும் இடம் தரலாகாது என்பதும், முதலாளிக்கு விதிக்கும் தண்டனை எதுவாயினும் அது தொழிலாளியின் கூலிப் பாக்கியை முதற்கடனாக வைத்தே வகுக்கப்பட வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து.

இவ்விஷயத்தை எந்த நகரத்து மண்டபத்திலும் ஆராயலாம். எனினும் நீலகிரியில் ஆராய்வதற்குத் தனிக் காரணம் உண்டு. இம்மலையில் காப்பியும் சிங்கோனாவும் தேயிலையும் பயிராகத் தொடங்கிய நாள் முதலாகவே தோட்டங்களின் உழைப்பு பெரும்பாலும் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட உழைப்பாக இருந்துவந்திருக்கிறது. மலாக்கா ஜலசந்திக் குடியேற்றங்களிலிருந்து சென்னை மாகாணத்துச் சிறைகளுக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகளை நடுவட்டத்துச் சிங்கோனாத் தோட்டத்தில் அரசாங்கமே வேலை வாங்கிற்று. அவர்களை அடைத்து வைத்த சிறைக் கட்டடம் இன்றும் அங்கே நிற்கிறது. தண்டனைக் காலம் முடிந்தபின் அவர்களில் சிலர் சொந்த நாடு திரும்பாமல், தமிழ்ப் பெண்களை மணந்து, நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையே குடியமர்ந்து, காய்கறி பயிரிட்டும், சிறிதளவில் காப்பி வளர்த்தும், பசு வைத்தும் நேர்மையாக ஜீவித்துவந்ததை மானிடவியலறிஞர் எட்கர் தர்ஸ்டன் எழுதிவைத்திருக்கிறார். விலங்கிட்டுக் கொண்டுவந்து வேலை வாங்கிய சர்க்கார், அவர்களுடைய உழைப்புக்கு என்ன கடன்பட்டிருந்தது என்ற கேள்வி அந்நாளில் எழவேயில்லை.

தமிழ்த் தொழிலாளியின் நிலையும் அந்நாளில் இதனினும் வெகுவாக மேம்பட்டிருந்ததாகச் சொல்வதற்கில்லை. சமவெளிக் கிராமங்களுக்குச் சென்று முன்பணம் கொடுத்து ஆள் திரட்டிவந்த மேஸ்திரி, அந்த முன்பணத்தைக் கொண்டே குடும்பங்களைத் தோட்டத்தோடு பிணைத்தான். பணம் பெற்றவர் வேலையை விட்டு நீங்கினால் அதைக் குற்றமாகக் கருதித் தண்டித்தது 1859-ஆம் ஆண்டு ஒப்பந்த மீறல் சட்டம். அது போதாதென்று தோட்ட முதலாளிகள் கேட்டுப் பெற்றது 1903-ஆம் ஆண்டுச் சென்னைத் தோட்டத் தொழிலாளர் சட்டம். கூலி குறைத்த முதலாளிமீது சிவில் வழக்குத் தொடுக்கலாம். ஓடிப்போன கூலியாளையோ மாஜிஸ்திரேட்டு சிறைக்கு அனுப்பலாம் என்பதே அச்சட்டங்களின் சாரம். 1920-களில் இவ்விரண்டும் நீக்கப்பட்டன. ஆயினும் தொழில் விவகாரத்தில் குற்றவாளிக் கூண்டு தொழிலாளிக்கே உரியது என்னும் மனப்பான்மை சட்டத்தோடு சேர்ந்து நீங்கிவிடவில்லை. நம் காலத்தில் அது வேறு சட்டங்களில் புகுந்துகொண்டிருக்கிறது. அதை எடுத்துக்காட்டுவதற்கே இப்பழைய வரலாற்றைச் சொன்னேன்.

இனி, இம்மலைக்கு மிக நெருங்கிய செய்திக்கு வருகிறேன். 1939 ஆகஸ்டில் உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதை இந்திய அரசாங்கம் தடை செய்தது. 1948-இல் இலங்கை இயற்றிய பிரஜாவுரிமைச் சட்டமும் குடிவரவுச் சட்டமும், மூன்று தலைமுறையாக அங்கே கொழுந்து பறித்துவந்த மக்களை நாடற்றவர்களாக்கின. பிழைப்பைத் தேடியும் உறவைத் தேடியும் கடலைக் கடந்தவருக்குக் ‘கள்ளத்தோணி’ என்ற பெயர் சூட்டப்பட்டது. கடல் கடவாமல் கண்டியிலும் ஹட்டனிலும் பிறந்தவர்மீதும் அதே வசை வீசப்பட்டது. அவ்வசையைக் கேட்டவர் எத்தனையோ பேர். தோணியில் வந்தவனுக்கு வேலை கொடுத்தவனுக்கு அப்படியொரு பெயர் வைத்ததாக நான் கேட்டதில்லை. அக்கரையில் வேலை கொடுக்கக் காத்திருந்த கை ஒன்று இல்லாதிருப்பின், இக்கரையிலிருந்து தோணி புறப்பட்டிருக்க ஹேதுவே இல்லை.

1964 அக்டோபர் 30-ஆம் தேதி கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரின் தலைவிதியை எண்ணிக்கைகளாகப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப்பற்றிப் பின்னர் முடிவு செய்வது என்று. அந்த மிச்சத்தை 1974-இல் இரு தேசங்களும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. அவ்வாறு தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கும் பொருட்டே 1968-இல் அரசாங்கம் இம்மலையில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கிற்று. அதுவே பின்னர் ‘டான்டீ’ என்று நாம் அனைவரும் அறிந்த கழகமாயிற்று. நெல்லியாளம், சேரங்கோடு, சேரம்பாடி, கொளப்பள்ளி என்ற பெயர்கள் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குப் புதிய விலாசங்களாயின. வேலை கொடுக்கும் பொறுப்பை அரசாங்கமே ஏற்று, வீடு, வைத்தியம், பிள்ளைக் காப்பகம் ஆகியவற்றைத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின்படி அளிக்கக் கடமைப்பட்ட அந்த ஏற்பாட்டில் ஆயிரம் குறைகள் இருக்கலாம். ஆயினும் பெயர்ந்து வந்த மனிதனுக்கு வேலை வாங்குகிறவனே பொறுப்பாளி என்ற தத்துவம் இம்மலையில் ஒருமுறையேனும் நடைமுறைக்கு வந்தது என்பதை மறக்கலாகாது.

தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்கு ஓடிக்கொண்டிருந்த கப்பல், இலங்கையின் உள்நாட்டுப் போரினால் 1984-இல் நின்றுபோயிற்று. அதற்கு முன்னர் அதில் ஏறி வந்தவர் கையில் தாயகம் திரும்பியோருக்குரிய பத்திரங்கள் இருந்தன. அவருக்கு டான்டீயில் வேலைக்கும், வங்கிக் கடனுக்கும், குடியுரிமைக்கும் வழி இருந்தது. அதே தோட்டக் குடியிருப்பு லயத்தில் பிறந்து, அதே மலையில் கொழுந்து பறித்து, 1983 ஜூலைக் கலவரத்தில் உடைமை யாவும் இழந்து, கப்பலில்லாமையால் படகேறி வந்த அவருடைய தம்பியோ அகதி முகாமில் பதிவு செய்யப்பட்டார். 2003-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தத்துக்குப் பின் சட்டத்தின் பார்வையில் அவர் சட்டவிரோதமாகக் குடியேறியவர் என்றே ஆகிவிட்டார். இத்தகைய மலையகத் தமிழர் சிலர் தம் குடியுரிமைக்காகத் தொடுத்த வழக்கில் 2019 ஜூன் மாதத்தில் மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை தீர்ப்பளித்தபோது, ஒரே குருதியைச் சேர்ந்தவர்களுக்கிடையே சட்டம் இழைத்த பேதம் நாடறிய வெளிப்பட்டது. அண்ணனை வேலைக்கு அமர்த்துவது கடமை, தம்பியை அமர்த்துவது குற்றத்துக்கு அணுக்கமான செய்கை என்று ஒரு சட்டம் கருதுமாயின், அங்கே மனிதரின் யோக்கியதை எதுவும் அளக்கப்படவில்லை. கப்பல் ஓடிற்றா, நின்றதா என்பது மட்டுமே அளக்கப்பட்டிருக்கிறது. அனுமதியற்றவர் என்ற பிரிவைக் கையாளும்பொழுது நாம் மிகுந்த சிரத்தையோடு இருக்க வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான திருஷ்டாந்தம் எனக்குக் கிடைக்கவில்லை.

நம் தேசத்துச் சட்டம் என்ன சொல்கிறது? 1946-ஆம் ஆண்டு அந்நியர் சட்டம், அதன் விதிகளை மீறிய அந்நியருக்கு ஐந்தாண்டு வரை சிறை விதித்தது. 2004-இல் வந்த திருத்தம் அக்குற்றங்களுக்கு உடந்தையானவரையும் தண்டிக்க வழி செய்தது. 2025 செப்டம்பர் முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய குடிவரவு மற்றும் அந்நியர் சட்டம், பழைய சட்டங்கள் நான்கை நீக்கி, தங்குமிடம் தருவோர், கல்விக்கூடங்கள், மருத்துவமனைகள் ஆகியோர்மீது தகவல் தரும் கடமையைச் சுமத்தியிருக்கிறது. பிடிபட்ட தொழிலாளிக்கு வரவேண்டிய கூலி யாரிடம் நிற்கிறது, அது எப்படி அவரைச் சேரும் என்பதைப்பற்றி இவற்றில் பேச்சில்லை. 2025 ஜனவரியில் திருப்பூர் மாவட்டத்தில் வங்கதேசத்தவர் முப்பதுக்கும் மேற்பட்டோர் கைதானபோது, அவர்கள் எவ்வழியாக எல்லை கடந்தனர், எவ்விதப் போலி அடையாள அட்டை வைத்திருந்தனர் என்ற விவரங்கள் பத்திரிகைகளில் வந்தன. கைதான நாள் வரைக்கும் அவர்கள் செய்த வேலைக்குரிய கூலி என்னவாயிற்று என்ற விசாரணையை நான் எங்கும் காணவில்லை.

பிற தேசங்கள் இவ்விஷயத்தில் நமக்கு முன்னரே பரீட்சை நடத்திப் பார்த்திருக்கின்றன. அமெரிக்காவில் 1952-ஆம் ஆண்டுச் சட்டம், அனுமதியின்றி வந்தவரை மறைத்து வைப்பதைக் குற்றமாக்கிவிட்டு, அவரை வேலைக்கு வைத்துக்கொள்வது மறைத்து வைத்தலாகாது என்று கூடவே ஒரு விதிவிலக்கையும் சேர்த்தது. டெக்சஸ் மாநிலத்துப் பண்ணை முதலாளிகளுக்காகச் செய்யப்பட்டதால் டெக்சஸ் விலக்கு என்றே அதற்குப் பெயர். ஒருவேளைச் சோறிட்டவன் குற்றவாளியாகலாம், நாள் முழுதும் வேலை வாங்கியவன் ஆக மாட்டான் என்ற இந்த அநியாயம் முப்பத்து நான்கு ஆண்டுகள் நிலைத்தது. 1986-இல்தான் வேலை கொடுப்போர்மீது அபராதம் வந்தது. முதல் தடவைக்கு ஆள் ஒருவருக்கு 250 முதல் 2,000 டாலர் வரை. நான்கே ஆண்டுகளில் அந்நாட்டுத் தணிக்கைத் துறை அளித்த அறிக்கை, அபராதத்துக்கு அஞ்சிய முதலாளிகள் பலர், தோற்றத்தாலும் உச்சரிப்பாலும் அந்நியராகத் தெரிந்த சொந்தப் பிரஜைகளுக்கே வேலை மறுத்துவந்ததை வெளிப்படுத்திற்று. பின்னர் 2002-இல், வேலையிலிருந்து சட்டவிரோதமாக நீக்கப்பட்ட ஒரு தொழிலாளி அனுமதியற்றவர் என்று தெரியவந்ததும், அவருக்கு இழந்த ஊதியத்தைக் கோரும் உரிமையில்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஐவர்க்கு நால்வர் என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. அனுமதியற்றவரை வேலைக்கு வைப்பதைச் சட்டம் தடுத்தது. அதே சட்டத்தின் துணையால் அவரை வைத்திருப்பது முதலாளிக்கு மலிவாகவும் ஆயிற்று. இம்முரண்பாட்டைக் காட்டிலும் அஞ்சத்தக்கது இத்துறையில் வேறொன்று இருப்பதாக நான் நினைக்கவில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2009-ஆம் ஆண்டில் பிறப்பித்த கட்டளை இதற்கு மாறான பாதையில் சென்றது. அனுமதியற்றவரை அமர்த்திய முதலாளி அபராதம் செலுத்துவதோடு, அவருக்குரிய பாக்கிக் கூலி முழுவதையும் கொடுத்தாக வேண்டும். எவ்வளவு காலம் வேலை செய்தார் என்பதில் தர்க்கம் எழுந்தால், முதலாளியோ தொழிலாளியோ வேறுவிதமாக நிரூபித்தாலொழிய, குறைந்தது மூன்று மாதம் என்று கொள்ளப்படும். கான்டிராக்டரை முன்னிறுத்தி மேல்முதலாளி எளிதில் தப்பவும் வழியில்லை. நடைமுறையில் அது எவ்வளவு நிறைவேறிற்று என்பதைப்பற்றி இன்று மாலை அமர்வில் கட்டுரைகள் வரவிருக்கின்றன. தத்துவம் செம்மையானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தமிழர் பெருமளவில் உழைக்கும் மலேசியாவிலோ தண்டனை கடுமையாக இருக்கிறது: ஆள் ஒன்றுக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம், ஐவருக்கு மேல் வைத்திருந்தால் ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறையும் பிரம்படியும்கூட. கடுமை மட்டும் போதுமாயின் அத்தேசத்துச் செம்பனைத் தோட்டங்களில் பத்திரமில்லாத தொழிலாளி ஒருவர்கூட இருக்கலாகாது. ஆனால் சோதனைக்கு அதிகாரிகள் வரும்பொழுது காட்டுக்குள் ஓடுகிறவர் தொழிலாளிதான், முதலாளி ஓடுவதில்லை.

இனி நம் மலைக்குத் திரும்புவோம். தாயகம் திரும்பியோரின் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் வேலை தேடிப் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுச் சென்ற நிரைகளில் இன்று ஜார்க்கண்டு, அஸ்ஸாம், ஒடிசா, பீகார் மாநிலத்தவர் கொழுந்து பறிக்கிறார்கள். விடுமுறை நாளில் கோத்தகிரிக் கடைத்தெருவில் நடப்பவர் காதில் சாத்ரி மொழியும் வங்காளமும் விழாமல் இருப்பதில்லை. இவர்கள் இத்தேசத்துப் பிரஜைகள். எந்த அனுமதியும் இவர்களுக்குத் தேவையில்லை. ஆயினும் அஸ்ஸாமிலிருந்து வந்து வங்காளம் பேசும் ஒரு முஸ்லிம் தொழிலாளியை அந்நியர் என்று சந்தேகிப்பதற்கு ஒரு கணம் போதுமானதாயிருக்கிறது. அச்சந்தேகத்தின் நிழலில் நிற்கும் மனிதர் கூலி குறைந்தாலும் வாய் திறவார் என்பதை ஆள் கொண்டுவரும் ஏஜென்டு நன்கறிவான். அமெரிக்கத் தணிக்கைத் துறை 1990-இல் கண்டது நம் வாசலிலும் நிகழலாகாது என்றால், முதலாளியின் கடமையை அடையாள அட்டையைச் சோதிப்பதோடு நிறுத்திவிடுவது பேதைமை. போலி அட்டையைக் காட்டினால் நான் எப்படிக் கண்டுபிடிப்பேன் என்று தோட்ட நிர்வாகிகள் கேட்பது நியாயமான கேள்வியே. அவர்கள் போலீசு வேலை செய்ய வேண்டியதில்லை என்றே நானும் சொல்கிறேன். ஆனால் செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் உண்மையான பெயரும் நாளும் எடையும் எழுதுவதற்கும், கூலியை ஏஜென்டின் கையில் கொடாமல் தொழிலாளியின் கையிலோ வங்கிக் கணக்கிலோ சேர்ப்பதற்கும் எந்தப் போலீசுத் திறமையும் வேண்டியதில்லை.

ஒடிசாவில் ‘தாதன்’ என்னும் ஏஜென்டு முறையின் கொடுமைகள் வெளிவந்ததன் பயனாகப் பிறந்தது 1979-ஆம் ஆண்டு மாநிலங்களுக்கிடையே இடம்பெயரும் தொழிலாளர் சட்டம். பதிவு, கான்டிராக்டருக்கு உரிமம், படம் ஒட்டிய பாஸ்புத்தகம், மாதக் கூலியில் பாதி அல்லது 75 ரூபாய் இவற்றில் அதிகமானதை இடப்பெயர்ச்சிப் படியாகத் தருவது, கான்டிராக்டர் கூலி கொடாவிட்டால் முதன்மை முதலாளியே கொடுப்பது என்று அதில் நல்ல ஏற்பாடுகள் எவ்வளவோ இருந்தன. மீறினால் ஓராண்டு வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் என்பது தண்டனை. ரூபாயின் மதிப்பு இறங்க இறங்க, அந்த ஆயிரம் ரூபாய் அபராதமாயிராமல் கட்டணமாகவே ஆகிப்போயிற்று. தாமாகப் புறப்பட்டு ரயிலேறி வருகிறவர்களை அச்சட்டம் கவனிக்கவும் இல்லை. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த தொழிற் பாதுகாப்புத் தொகுப்பு, தாமாக வருகிறவரையும் சேர்த்துக்கொண்டு, பொது அபராதத்தை இரண்டு முதல் மூன்று லட்சம் ரூபாய் வரை உயர்த்தியிருப்பதை நான் வரவேற்கிறேன். ஆனால் சட்டம் பொருந்துவதற்கு ஐந்து என்றிருந்த குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கையைப் பத்தாக்கியிருப்பதை வரவேற்க இயலவில்லை. ஏனெனில் இம்மலையில் ஏஜென்டு ஒருவன் கொண்டுவந்து விடும் குடும்பங்கள் பெரும்பாலும் நாலும் ஆறுமாகவே பிரிந்து வேலை செய்கின்றன.

ஆள் எண்ணிக்கையைப்போலவே நிலத்தின் அளவும் ஒரு தடை: ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த நிலம் தோட்டம் என்ற சட்ட இலக்கணத்துக்குள் வராது. நீலகிரியின் சிறு தேயிலை விவசாயிகளில் மிகப் பெரும்பாலோர் அந்த அளவுக்குக் கீழே உள்ளவர்கள். அவர்கள் நிலத்தில் பறிக்கும் வெளிமாநிலத்துப் பெண்ணுக்கு வீடு யார் தருவது, பிரசவத்துக்கு யார் பொறுப்பு? இவ்விவசாயிகளைக் குற்றஞ்சாட்ட எனக்கு மனமில்லை. பசுந்தேயிலை கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு வேண்டும் என்று 2023-இல் அவர்கள் உண்ணாவிரதம் இருந்ததை நாம் கண்டோம். விளைச்சலுக்கு விலை கிடைக்காதவர், பறிப்பவருக்கு நியாயமான கூலி கொடுக்கச் சட்டத்தால் மட்டும் வலிமை பெற்றுவிட மாட்டார். ஆகவே பொறுப்பு விவசாயியோடு முடிவதாகக் கொள்ளாமல், அந்தக் கொழுந்தை வாங்கித் தூளாக்கும் தொழிற்சாலைக்கும், ஏலத்தில் எடுத்துப் பொட்டலம் கட்டும் பெரிய வியாபாரிக்கும் பங்கிட்டு வைக்க வேண்டும். இலாபம் எவ்வழியாக ஏறிச் செல்கிறதோ அவ்வழியாகவே கடனும் ஏற வேண்டும்.

இதற்கு நம் அரசியல் சட்டத்தில் ஆதாரம் இல்லாமலில்லை. 1982-இல் ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் நீதிபதி பகவதி அளித்த தீர்ப்பு, குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே ஒருவரிடம் வேலை வாங்குவது 23-ஆம் ஷரத்து தடுக்கும் கட்டாய உழைப்பே என்றும், கான்டிராக்டரைக் காட்டி அரசாங்கம் பொறுப்பைக் கழற்ற முடியாது என்றும் நிலைநாட்டிற்று. 1996-இல் சக்மா மக்களின் வழக்கில், உயிரையும் சுதந்திரத்தையும் காக்கும் 21-ஆம் ஷரத்து பிரஜையல்லாதவருக்கும் உரியது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இவ்விரு தீர்ப்புகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், அனுமதியின்றி வந்தவரை அரசாங்கம் திருப்பியனுப்பலாம், ஆனால் அவருடைய கூலியை முதலாளி அமுக்கிக்கொள்ள முடியாது என்ற முடிவுக்கு வர நமக்கு வேறு சட்டம் வேண்டியதில்லை; துணிந்து வழக்காடுவோரே வேண்டும்.

இக்கருத்தரங்கின் விவாதங்களுக்குச் சில கோரிக்கைகளை வைக்க விரும்புகிறேன். எல்லை மீறியதற்காக ஒரு தொழிலாளி கைதாகும் அன்றே, அவரை வேலைக்கு வைத்தவரின் செக்ரோலும் கணக்கும் தொழிலாளர் துறை அதிகாரியால் கைப்பற்றப்பட்டு, பாக்கி கணக்கிடப்பட்டு, அவர் அனுப்பப்படுமுன் வசூலிக்கப்படுவதற்கு எத்தகைய விதி வேண்டும் என்பதைச் சட்ட அறிஞர்கள் வரைந்து தர வேண்டும். முதலாளியே தொழிலாளியைக் காட்டிக்கொடுத்துக் கூலியை ஏய்க்கும் செய்கையைத் தனிக் குற்றமாக்குவது எப்படி என்பதையும் அவர்கள் ஆராய வேண்டும். முகாம்களில் உள்ள மலையகத் தமிழருக்குக் குடியுரிமை தீர்மானிக்கப்படும் வரை வேலை செய்யும் அனுமதியைப் பகிரங்கமாக எழுத்தில் கொடுப்பதில் என்ன தடை என்று நிர்வாகத் துறையினர் விளக்கக் கடமைப்பட்டுள்ளனர். சிறு விவசாயிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் இடையே தொழிலாளர் நலத்துக்கான பொது நிதி ஒன்றை, கிலோவுக்கு இத்தனை காசு என்று கொழுந்தின்மேல் வசூலித்து நிறுவ இயலுமா என்ற வினாவுக்கு விடை கூற வேண்டிய இரு சாராரும் இங்கேயே இருப்பதால், அதை நாளைக் காலை அமர்வுக்குத் தள்ளாமல் இன்றைய முதல் அமர்விலேயே எடுத்துக்கொள்ளும்படி நிகழ்ச்சி நிரலை மாற்றியமைத்திருக்கிறோம். அமர்வின் முதற் கட்டுரையாளரை மேடைக்கு வருமாறு அழைக்கிறேன்.